பெரியப்பாவின் கோல்ஃப் மட்டையும் பழைய பொருளின் விலையும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். 1994-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

"சார், ஒரு சந்தேகம். நீங்க சிரிக்கக் கூடாது."

"கேளுப்பா."

"கோல்ஃப் மட்டை புதுசா வாங்கலாமா, செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?"

சிரிக்கவில்லை. ஏனென்றால் அவன் குரலில் விளையாட்டு இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் பையர்களைக் கவனிக்கும் வேலை அவனுக்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் சிலர் பெங்களூரில் இறங்கியதும் கோல்ஃப் ஆடப் போகிறார்கள். "நீயும் கத்துக்கோ, மைதானத்துல பேசுறது ஆபீஸ்ல பேசுறத விட நல்லா முடியும்" என்று மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். மட்டைக்குக் காசு அவன்தான் போட வேண்டும். கடையில் பையோடு சேர்த்துப் புது செட் 1,40,000 ரூபாய் சொல்கிறார்கள். பெங்களூரில் ஒருவர் ஏழெட்டு வருஷம் ஆடிய செட்டை 38,000-க்குத் தருகிறேன் என்கிறார். கடைக்காரர் இவனிடம், "நல்ல பிராண்ட் சார், எப்ப வித்தாலும் பாதி விலைக்குக் குறையாது" என்று சொல்லியிருக்கிறார். அது இவன் மனதில் பதிந்துவிட்டது. செலவு இல்லை, முதலீடு என்று கணக்குப் போட்டுவிட்டான். ஏலச்சீட்டை இந்த மாதமே கூடுதல் தள்ளுபடிக்குக் கேட்டு எடுத்துவிடலாம் என்பது யோசனை. அந்தச் சீட்டு ஜூன் மாதம் மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகப் போட்டது.

எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. வாத்தியார் சம்பளத்தில் கேரம் போர்டுதான் எட்டியது. பிறகு ஏன் என்னைக் கேட்டான்? ஒன்பதாம் வகுப்பில் தங்கவயல் பற்றிப் பாடம் நடத்தும்போது என் பெரியப்பாவின் கோல்ஃப் மட்டையைப் பற்றிச் சொன்னேனாம். பாடத்தை மறந்துவிட்டான், மட்டையை மறக்கவில்லை. "யோசிச்சு எழுதறேன்" என்று சொல்லி வைத்தேன். அவனுக்கு எழுத ஆரம்பித்தது எல்லோருக்குமாக வளர்ந்துவிட்டது.

முதலில் அந்த மட்டையைச் சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்கு வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் தாத்தா குடும்பமும் ஒன்று. 1880 முதல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கம் அது. மண்ணுக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுத் தமிழர்கள். மண்ணுக்கு மேலே வெள்ளைக்காரர்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் என்று ஒரு குட்டி இங்கிலாந்து. பெரியப்பா சிறுவனாக இருந்தபோது அந்த மைதானத்தில் மட்டைப் பை தூக்கினார். கேடி என்பார்கள். 1940களின் நடுவில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இங்கிலீஷ் என்ஜினியர் அவருக்கு ஒரு பழைய மட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். இரும்புத் தலை, மரக் காம்பு, பிடியில் தோல் சுற்றியது.

பெரியப்பா சாகும்வரை அதைப் பெரிய பொக்கிஷமாக நினைத்தார். துரை தன் உயிரான மட்டையை எனக்குக் கொடுத்தார் என்று சொல்லுவார். நான் வரலாறு படித்த பிறகுதான் எனக்கு உண்மை புரிந்தது. துரை கொடுத்தது விலை செத்துப்போன மட்டை. ஆனால் அதைப் பெரியப்பாவிடம் நான் சொல்லவில்லை.

அந்த விலை எப்படிச் செத்தது? அங்கேதான் கதை ஆரம்பம்.

கோல்ஃப் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆட்டம். நம் நாட்டுக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. கல்கத்தாவில் 1829-ல் தொடங்கிய கிளப்தான் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்தின் முதல் கோல்ஃப் கிளப். பெங்களூரில் 1876, கொடைக்கானலில் 1895. சென்னையில் ஜிம்கானா கிளப்காரர்கள் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள்ளேயே ஆடினார்கள்.

அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இந்த ஆட்டத்தின் விலையுயர்ந்த பொருள் மட்டை அல்ல, பந்து. நம் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் இதைக் கேட்டால் ரசிப்பார்கள். அது தோல் பந்து. மாட்டுத் தோலைத் துண்டுகளாக வெட்டி, தைத்து, உள்வெளியாகத் திருப்பி, சின்ன ஓட்டை வழியாக வேகவைத்த வாத்து இறகைத் திணிப்பார்கள். ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு என்று கணக்குச் சொல்வார்கள். இறகு காயும்போது விரியும், ஈரத் தோல் காயும்போது சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பந்து கல்லாக இறுகும். கைதேர்ந்த தொழிலாளி நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மூன்று நான்கு பந்துதான் முடியும். மழையில் நனைந்தால் கிழிந்துவிடும்.

1848 வாக்கில் மலாய் நாட்டு மரத்துப் பாலில் செய்த கட்டாபெர்ச்சா பந்து வந்தது. வெந்நீரில் போட்டு இளக்கி உருட்டினால் பந்து. உடைந்தால் மறுபடி இளக்கி உருட்டலாம். செயின்ட் ஆண்ட்ரூஸில் தோல் பந்து செய்வதில் பெயர் பெற்ற ஆலன் ராபர்ட்சனுக்கும், அவரிடம் வேலை செய்த டாம் மாரிஸுக்கும் இந்தப் புதுப் பந்தால் மனக்கசப்பு வந்து மாரிஸ் தனியே போய்விட்டார். ராபர்ட்சன் கெட்டவர் அல்ல. கையில் உள்ள தொழில் ஒரே நாளில் விலையில்லாமல் போவதைப் பார்த்த மனிதர். கடைசியில் அவரும் கட்டாபெர்ச்சா பந்து செய்யத்தான் வேண்டியிருந்தது.

மட்டைக்கு அந்த அடி 1929-ல் விழுந்தது. அதுவரை காம்பு என்றால் அமெரிக்காவிலிருந்து வரும் ஹிக்கரி மரம்தான். வலுவும் வளைவும் சேர்ந்த மரம், ஆனால் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு மாதிரி. ஒருவர் தனக்குப் பொருந்திய மட்டையை வருஷக்கணக்கில் தேடிச் சேர்ப்பார். மனசுக்குப் பிடித்த பழைய மட்டையைப் புதியதைவிடக் கூடுதல் மதிப்பாக நினைத்த காலம் அது. எஃகுக் குழாயில் காம்பு செய்யக் கற்றுக்கொண்டதும் நிலைமை மாறியது. அமெரிக்கா முதலில் அனுமதித்தது. அப்போது பிரிட்டனின் விதிகளை வகுத்துவந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் 1929-ல் எஃகுக் காம்பை ஒப்புக்கொண்டது. 1930-ல் பாபி ஜோன்ஸ் ஒரே ஆண்டில் நான்கு பெரிய போட்டிகளையும் வென்றது ஹிக்கரி மட்டையால். அடுத்த ஆண்டே அமெரிக்க ஓப்பனை பில்லி பர்க் எஃகு மட்டையால் வென்றார். சில வருஷத்தில் ஹிக்கரி பரணுக்குப் போனது. அடுத்து 1938-ல் அமெரிக்காவிலும் 1939-ல் பிரிட்டனிலும் ஒருவர் 14 மட்டைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று விதி வந்தது. இருபது, இருபத்தைந்து மட்டை வைத்திருந்தவர்களிடம் மிச்சம் விழுந்தது.

துரையின் பையிலிருந்து பெரியப்பாவின் கைக்கு ஒரு மட்டை வந்த வழி இதுதான். மட்டையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கெட்டது மட்டை அல்ல, அதன் காலம்.

இந்த இடத்தில் என் அப்பா வருகிறார். அப்பா தங்கவயலில் தங்கவில்லை. பேர்ணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒருமுறை பெரியப்பா அந்த மட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா இரும்பையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. பிடியில் சுற்றியிருந்த தோல் வாரின் நுனியை நகத்தால் நெம்பி, மடக்கி, மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆட்டுத்தோலு. பட்டையில ஊறினது."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அது போதும்.

1950களில் ரப்பர் பிடி வரும்வரை கோல்ஃப் மட்டையின் பிடி என்றால் தோல்தான். ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ நீள வாராக வெட்டிச் சுருள் சுருளாகச் சுற்றுவார்கள். அதே காலத்தில் நம் பக்கம் ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு முடித்த தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. ஈஸ்ட் இந்தியா தோல் என்று அங்கே அதற்குப் பெயர். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் ஈஐ தோல் என்பார்கள். மட்டையில் இருந்த வார் நம் தண்ணீரில் ஊறியதா என்று தோல் வாய் திறந்து சொல்லாது. ஆனால் அன்று முதல் அப்பா அதை "நம்ம தோலு" என்றே சொல்லிவந்தார்.

இன்றைக்கும் இந்த உறவு விட்டுப்போகவில்லை. கோல்ஃப் ஆடுபவர் ஒரு கையில் போடும் மெல்லிய கையுறைக்கு காப்ரெட்டா என்ற தோலைக் கேட்பார்கள். கம்பளி இல்லாமல் முடி மட்டும் வளரும் செம்மறியின் தோல் அது. நம் மேச்சேரி ஆடு அந்த வகைதான். அதன் தோலுக்குச் சந்தையில் நல்ல பெயர்.

சரி, விலைக்கு வருகிறேன். 1929-ல் ஹிக்கரிக்கு நடந்தது 1973-ல் எங்கள் வீட்டுக்கு நடந்தது.

அதுவரை நம் ஷாப்புகள் பாதி முடித்த தோலை அனுப்பிவந்தன. மேல்வேலை செய்து லாபம் பார்த்தது வெளிநாடு. சீதாராமையா குழு 1972-ல் இதைச் சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டு முதல் பச்சைத் தோலுக்குத் தடை, பாதி முடித்த தோலுக்குக் கட்டுப்பாடு. முழுதாக முடித்த தோலையும், ஷூவையும் அனுப்புங்கள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. நாட்டுக்கு அது நல்ல முடிவு. இன்றைய ஆம்பூர் ஷூ அந்த முடிவில் பிறந்தது என்றே சொல்லலாம். ஆனால் பட்டைக் குழிகளை மட்டுமே நம்பியிருந்த சின்ன ஷாப்புக்காரர் என்ன செய்வார்? மேல்வேலைக்கு மெஷின் வேண்டும், மெஷினுக்குக் கடன் வேண்டும். அப்பா வேலை செய்த ஷாப்பின் முதலாளி குழிகளை விற்கப் பார்த்தார். எட்டு மாதம் ஆள் வரவில்லை. முந்தின வருஷம் கேட்டவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குழியில் ஒரு விரிசல் கிடையாது. அதற்கும் காலம்தான் கெட்டது.

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்காத டேனரி ஓடக் கூடாது என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொல்லியது. டேனரிக்கு 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. பாலாற்றுத் தண்ணீரைக் குடித்த நாம் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு கடன் வாங்கிப் புது மர டிரம் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். "விக்கணும்னா எப்ப வேணா விக்கலாம்" என்று சொல்லித்தான் போட்டார். அந்த டிரம் விறகு விலைக்குப் போனதையும் பார்த்தேன்.

தம்பி, உன் கடைக்காரர் சொன்ன "எப்ப வித்தாலும்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த டிரம்தான் கண்ணுக்குள் வந்தது.

இதற்கு நேர் எதிரான காலமும் ஒன்று உண்டு. அதையும் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கப்பலில் ஏற்ற முடியாததை எல்லாம் விற்றுவிட்டுப் போனார்கள். சென்னையில் பழைய பொருளுக்கு இரண்டு வாசல். ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900-ல் திறந்த மூர் மார்க்கெட். 1985-ல் அது எரிந்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது வகுப்பில் எனக்குக் குரல் எழும்பவில்லை, என் பாதிப் புத்தகங்கள் அங்கே வாங்கியவை. இன்னொன்று மர்ரே கம்பெனியின் ஏலம். தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதமாகத் தெரியும். அந்த ஏலக் கம்பெனியின் எஸ். ராஜம்தான் 1950களில் சங்க இலக்கியத்தையும் கம்பனையும் சந்தி பிரித்து, சாதாரண ஆள் வாங்கக்கூடிய மலிவு விலையில் அச்சிட்டவர். மர்ரே ராஜம் என்றுதான் சொல்வோம். பழைய பொருளின் மதிப்பு தெரிந்த மனிதர் பழைய நூலின் மதிப்பையும் அறிந்திருந்தார்.

அவசரமாகக் கிளம்புகிறவன் விலை பேச மாட்டான். அந்தச் சில வருஷம் வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். அதன் பிறகு கதவு மூடியது. இறக்குமதி உரிமம், சுங்கவரி என்று வெளிநாட்டுப் பொருள் உள்ளே வருவதே அரிதாகிவிட்டது. புதியது வராது என்றால் பழையதின் விலை என்ன ஆகும்? இறங்காது. சில சமயம் ஏறும். கோல்ஃப் தெரியாதவர்கள் பஜாஜ் ஸ்கூட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 1970களில் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்போம். எடுத்த வண்டியை மறுநாளே கூடுதல் விலைக்குக் கேட்க ஆள் நிற்கும். என் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் ஸ்கூட்டர் தருகிறோம் என்று சொல்லி, கைக்கு வந்தபோது என் மூத்தவளுக்குக் காது குத்தியாயிற்று. அதே நிலைதான் வெளிநாட்டுக் கைக்கடிகாரத்துக்கும் டேப் ரெக்கார்டருக்கும் கோல்ஃப் செட்டுக்கும். பெரிய ஊர்களில் மட்டை தூக்கிய பையன்கள் அடுத்தவர் கழித்துப்போட்டதை எடுத்து ஒட்டுப்போட்டு ஆடக் கற்றார்கள். அப்படி டெல்லி மைதானத்தில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். அந்தப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார்.

"நல்ல பிராண்ட் பாதி விலைக்குக் குறையாது" என்ற நம்பிக்கை நம் தலைமுறைக்கு இந்த மூடிய கதவுக் காலத்தில் வந்தது. பிராண்டின் மகிமை என்று நினைத்தோம். பூட்டின் மகிமை அது.

2001 ஏப்ரல் 1-ல் மிச்சமிருந்த 715 பொருள்களுக்கான இறக்குமதிக் கட்டுப்பாட்டையும் மத்திய அரசு எடுத்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 28-ல், தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு கதவு திறந்தது, ஒரு வாசல் அடைந்தது. என் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் அந்த மாதம்தான் வேலூருக்கு வந்தார்கள்.

கதவு திறந்ததும் உலகத்துச் சந்தையின் பழக்கம் நமக்கும் வந்துவிட்டது. அந்தப் பழக்கம் என்ன? தூரமாக அடிக்கும் பெரிய மட்டைக்கு டிரைவர் என்று பெயர். அதன் தலை முன்பெல்லாம் பெர்சிமன் மரம். குடியாத்தத்துப் பெண்கள் பீடி சுற்றும் இலை எந்த மர இனமோ, நம் கருங்காலி எந்த இனமோ, பெர்சிமனும் அதே இனம். 1979-ல் டெய்லர்மேட் கம்பெனி உலோகத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1991-ல் காலவே கம்பெனியின் பிக் பெர்த்தா வந்தது. பிறகு டைட்டானியம். மரம் இருந்தவரை ஒரு டிரைவர் இருபது வருஷம் ஓடியது. உலோகம் வந்த பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கொரு மாடல். புது மாடல் வந்த அன்றே பழைய மாடலைக் கடைக்காரரே தள்ளுபடியில் விற்கிறார். கடையில் புதியதே மலிவாகக் கிடைக்கும்போது, உன் கையில் அடிபட்டதற்கு யார் பாதி விலை கொடுப்பார்?

பழையதன் மதிப்பு ஏறிய கதை ஒன்றும் உண்டு. பிங் கம்பெனியின் ஐ 2 என்ற இரும்பு மட்டைகள் 1980களில் வந்தவை. அதன் முகத்தில் உள்ள கோடுகளைப் பற்றி வழக்கு நடந்து, 1990-ல் சமரசம் ஆயிற்று. 1990 ஏப்ரலுக்கு முன் செய்தவை என்றென்றும் செல்லும் என்று உடன்பாடு. 2010-ல் தொழில்முறை ஆட்டத்தில் கூர்மையான கோடுகளுக்குத் தடை வந்தபோது ஃபில் மிக்கல்சன் போன்றவர்கள் இந்த இருபது வருஷப் பழைய மட்டையை வெளியே எடுத்தார்கள். புதியதில் இல்லாத சலுகை பழையதில் இருந்தது. பலர் பழைய சந்தையில் அதைத் தேடினார்கள். இரண்டு மாதம்தான். பிங் கம்பெனியே உரிமையை விட்டுக்கொடுத்தது, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் அந்தக் கதவும் மூடியது. விலையை ஏற்றியதும் விதிதான், இறக்கியதும் விதிதான்.

இத்தனை கதையிலும் நான் கண்டது ஒன்றுதான். புதியதின் விலையைக் கடைக்காரர் எழுதுகிறார். பழையதின் விலையை எழுதுகிறவர் நமக்குத் தெரியாத யாரோ. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு குழு, டெல்லியில் ஓர் அமைச்சகம், நீதிமன்றத்தில் ஓர் அமர்வு, ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு மனிதனின் அவசரம். அவர்கள் மனதை நம்பி முதலீடு செய்யலாமா?

ஆகவே தம்பி, என் பதில்.

வாங்கிய நாளோடு அந்தப் பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள். அப்படி வைத்துக்கொண்டாலும் தாங்கும் தொகை எதுவோ அதற்கு வாங்கு. திரும்பி வரும் என்று நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடாதே. மகளுடைய சீட்டைத் தொடாதே.

பழையதே வாங்கு. விதி 14 வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது, 14 இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ள ஏழு மட்டை போதும் என்று பெங்களூரில் ஆட்டம் கற்றுத்தரும் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் சொன்ன மற்றவையும் இதோ, உன் போன்ற மற்றவர்களுக்கும் உதவும்.

இரும்பு மட்டைகள் மெதுவாகத்தான் கிழடாகும். முகத்துக் கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று நகத்தை ஓட்டிப் பார். மணலிலிருந்து எடுக்கும் மட்டையில்தான் தேய்மானம் அதிகம். தலையைப் பிடித்து ஆட்டிப் பார், உள்ளே கலகல என்று சத்தம் வந்தால் வேண்டாம். காம்பில் விரலை ஓட்டு, வெடிப்பும் நெளிவும் தட்டுப்படும். ரப்பர் பிடி இறுகியிருந்தால் பயப்படாதே, அதைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம். காம்பின் நீளமும் விறைப்பும் உன் உயரத்துக்கும் கைக்கும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராதது இலவசமாகக் கிடைத்தாலும் நஷ்டம். நீ இடது கைக்காரன் என்று ஞாபகம். சாக்பீஸைக் குறி தவறாமல் எறிந்தது அந்தக் கைதான். இடது கை மட்டை பழைய சந்தையில் கிடைப்பதும் கடினம், திரும்ப விற்பதும் கடினம். அந்த 38,000 ரூபாய் செட் எந்தக் கைக்கு என்று முதலில் கேள்.

டிரைவர் மிகப் பழையது வேண்டாம். முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு வரம்பு வந்த பிறகு 2008 முதல் சில பழைய டிரைவர்கள் ஆட்ட விதிக்கு வெளியே போய்விட்டன. பெயர் பெற்ற பிராண்டுகளில் போலியும் உண்டு, வரிசை எண்ணைச் சரிபார். குழிக்குள் தட்டும் மட்டையை பட்டர் என்கிறார்கள், வெண்ணெய் அல்ல. செட்டிலேயே நீண்ட நாள் உழைப்பது அதுதான், அதற்கு வயசே கிடையாது என்றார் அவர்.

அப்புறம் ஒரு வரலாற்று வாத்தியாரின் யோசனை. பெங்களூரில் வேலை மாறி வெளிநாடு கிளம்பும் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களிடம் வாங்கு. அவர்களுக்கு விமான எடைக் கவலை.

நேற்று இரவு அவன் மறுபடி போன் செய்தான். அந்த 38,000 செட் வலது கைக்காரருடையது! கனடா போகும் ஒருவரிடம் இடது கை மட்டை ஏழு இருந்ததாம், 16,000-க்கு முடித்துவிட்டான். சீட்டை எடுக்கவில்லை. "பையர் முன்னாடி பழைய பையைத் தூக்கினு போக வெக்கமா இருக்கு சார்" என்றான். "பையைத் துடைச்சு பாலீஷ் போடுடா, நீ ஆம்பூர்க்காரன்" என்றேன்.

பெரியப்பாவின் மட்டை என்ன ஆயிற்று என்று சிலர் கேட்பீர்கள்.

பெரியப்பா போன பிறகு அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா அதை நாய் விரட்ட வைத்திருந்தார். அப்பாவும் போன பிறகு வீட்டை வெள்ளையடிக்கும் நாளில், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தள்ளுவண்டி வாசலில் நின்றது. ஓட்டைக் குடம், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, அதோடு அதையும் போட்டுவிட்டேன். மரம் எடைக்கு ஆகாது என்று வண்டிக்காரர் காம்பை முறித்து ஓரமாகப் போட்டுவிட்டுத் தலையை மட்டும் தராசில் வைத்தார். கையளவு பழம் கிடைத்தது. பிள்ளைகள் தின்றார்கள்.

இன்றைக்கு ஹிக்கரி மட்டையில் மட்டுமே ஆடும் போட்டிகள் ஸ்காட்லாந்தில் நடக்கின்றன. இறகு திணித்த அந்தப் பழைய தோல் பந்து ஏலத்தில் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. பெரியப்பாவின் மட்டை அப்படிப்பட்டதல்ல. அந்த மாதிரி லட்சக்கணக்கில் செய்திருக்கிறார்கள், அதற்கு இன்றும் பெரிய விலை இல்லை. அதனால் எனக்குப் பண வருத்தம் கிடையாது.

முறித்துப் போட்ட காம்பில் அந்தத் தோல் வார் சுற்றியபடியே இருந்தது. அப்பா நகத்தால் நெம்பிய நுனி கொஞ்சம் தூக்கி நின்றது. அதை மட்டுமாவது அவிழ்த்து எடுத்து வைத்திருக்கலாம். குப்பையோடு கூட்டித் தள்ளியதும் நான்தான்.

உங்களில் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். பரணில் அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது இருந்தால் விலை விசாரிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். யார் யாருக்குக் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். பார்க்க ஆசையாக இருக்கிறது.

வெயில் ஏறுகிறது. மோர் குடியுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்